எண்ணியல் ஒளிபரப்பில் ஊருக்கு இடம் எங்கே?

சங்கரன்கோயிலை அடுத்த திருவேங்கடம் கரிசல் நிலத்துப் பேரூர். அங்கும், அதுபோன்ற தமிழ்நாட்டுப் பேரூர்கள் பலவற்றிலும் வீட்டுத் தொலைக்காட்சியருகே ஒரு சிறு பெட்டி வந்து அமர்ந்து ஆண்டுகள் சில ஆகிவிட்டன. படம் தெளிந்தது, அலைவரிசைகள் பெருகின. இதனை மறுப்பார் இலர். ஆனால் அப்பெட்டி வந்தபோது ஊரின் கையிலிருந்த ஒன்று பறிபோனதைத் தமிழருள் எத்தனைபேர் எண்ணிப் பார்த்தனர்?

பழைய ஒப்புமை முறையில் கம்பிவட ஒளிபரப்பு ஊருக்குள்ளேயே பிறந்தது. மாடியில் நான்கைந்து குடை அலைவாங்கிகள், ஓர் அறையில் சில கருவிகள், அங்கிருந்து தெருத்தெருவாய் ஓடும் வடம், அவ்வளவே. அவ்வறையில் ஊரார் தாமே எடுத்த படத்தைச் செலுத்தினால் அதுவே உள்ளூர் அலைவரிசை. தேரோட்டம், பள்ளி ஆண்டுவிழா, பட்டிமன்றம், குடிநீர் வாராத தெருவின் முறையீடு, இறந்தார் பற்றிய அறிவிப்பு என ஊர்ப்பேச்சே அதில் ஒலித்தது. அத்தமிழ் தூய தமிழன்று. திரைப்பாட்டும் கடை விளம்பரமும் அதில் மலிந்தே கிடந்தன. எனினும், அதனைத் திருத்த வேண்டுமென்றால் தெருமுனைவரை நடந்தால் போதும். இன்று யாரிடம் போய்ச் சொல்வது?

எண்ணியல் முறை, முன்பு ஓர் அலைவரிசை அடங்கிய இடத்தில் பத்துக்கு மேற்பட்டவற்றைச் சுருக்கி அடைக்கிறது, மறைகுறியிட்டு அனுப்புகிறது, வீட்டுப்பெட்டி அதனை அவிழ்க்கிறது. இதற்கான கருவிகள் விலைமிக்கவை. எனவே ஊர் அறையின் வேலை ஒழிந்தது. எங்கோ ஒரு நகரின் தலைமை நிலையமே அனைத்தையும் தொகுத்து அனுப்புகிறது. உள்ளூர் அலைவரிசை அதனிடம் போய் இடம் கேட்டு நிற்க வேண்டும். இடம் பன்மடங்கு பெருகியபோதே ஊருக்கான இடம் சுருங்கிய விந்தை இது. குற்றம் அறிவியலின்மேல் இல்லை, ஆளுவோர்மேல் உள்ளது.

இம்மாற்றத்திற்கான சட்டத்திருத்தம் 2011இல் தில்லியில் நிறைவேறிற்று. சென்னைக்கு 2012 அக்டோபர் 31, ஊர்ப்புறங்களுக்கு 2017 மார்ச்சு 31 எனக் கெடு வகுத்ததும் தில்லியே. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் (தமிழ்நாட்டரசு தன் நிறுவனத்துக்கு இட்ட பெயரிலேயே இரண்டு ஆங்கிலச் சொற்கள்!) 2012இல் எண்ணியல் உரிமம் கேட்டது. மாநில அரசுகள் இத்துறையில் இறங்கலாகாதென அவ்வாண்டே பரிந்துரைத்தது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். உரிமம் 2017 ஏப்பிரல் 17இல்தான் கிடைத்தது. ஊர்ப்புறக் கெடு முடிந்து பதினேழு நாள் கழிந்தபின்! தமிழ் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு, தமிழ்நாட்டுத் தெருவில் எண்ணியல் முறையில் படங்காட்ட ஏறத்தாழ ஐந்தாண்டு கைகட்டி நின்றது.

2019இல் வந்த கட்டணமுறையைப் பாருங்கள். 130 உருபாவும் வரியும் கட்டுவார்க்கு நூறு அலைவரிசை. அவற்றுள் 25 தூர்தர்சனுடையவை, கட்டாயம். வேண்டாவெனத் தள்ள வழியில்லை. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவை எண்ணிக்கைக்கு வெளியே வைக்கப்பட்டன, கட்டாயமோ நீங்கவில்லை. தமிழன் கேளாத இந்தி அலைவரிசைகள் அவன் வீட்டுக்குள் வந்து அமர்ந்தன. அவனூர் அலைவரிசையோ வாயிலில் நிற்கிறது. அவ்வமைப்பு தமிழுக்கென வைத்திருந்த ஒன்றுக்குத் தென்பாண்டி நாட்டு மலையின் பெயரான பொதிகை என்பது வழங்கியது. 2024 சனவரியில் அதனையும் நீக்கி 'டிடி தமிழ்' என்றாக்கினர். பொதிகையைவிட இரண்டு ஆங்கில எழுத்துகள் தமிழர்க்கு நெருங்கியவை போலும்!

2022 நவம்பரில் இந்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, வட ஒளிபரப்பாளர் தாமே நடத்தும் அலைவரிசைகள் மாநில அளவில் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்தையும், மாவட்ட அளவில் மேலும் ஐந்தையும் தாண்டலாகா. ஒரு நாட்டினத்தின் ஊர்வாழ்க்கைக்குத் தில்லி அளந்துவைத்த படி அது.

அனைத்தும் தில்லியின் குற்றமென்று தமிழ்நாட்டரசு ஒதுங்கிவிட முடியாது. வீடுகளுக்கு விலையின்றிப் பெட்டி கொடுத்த அரசு, அதனை இயக்கும் கைக்கருவியின் பொத்தான்களில் தமிழ் எழுத்துப் பொறிக்கச் செய்திருக்கலாம். அதற்குத் தில்லியின் ஒப்புதல் வேண்டுவதில்லை. ஒவ்வொரு வட்டத்திற்கும் ஓர் உள்ளூர் அலைவரிசையைக் கட்டணமின்றி ஏற்றலாம். அதனை நடத்தும் பொறுப்பை அவ்வூர் ஆசிரியர்க்கும் இளைஞர்க்கும் விடலாம். சட்டமன்றத்தில் இவ்விரண்டையும் கேட்க ஓர் உறுப்பினரேனும் எழட்டும். திருவேங்கடத்து மக்கள் தம் தொகுதி உறுப்பினரிடமிருந்தே தொடங்கலாம்.