மெய்ப்பித்தல் யார் கடன்?

'மெய்ப்பி' என்பது சிறிய சொல். மலேசியத் தோட்டப்புறத் தமிழரைப் பல்லாண்டுகளாக அலுவலகப் படிக்கட்டுகளில் ஏறி இறங்க வைத்திருப்பதும் அச்சொல்லே. "இம்மண்ணில் பிறந்ததை மெய்ப்பி" என்று கேட்கும்போது "பத்திரத்தைக் காட்டு" என்பதே பெரும்பாலும் பொருளாகிறது. ஒரு வினையை இவ்வாறு குறுக்குவது மொழிக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

முன்பே உள்ள மெய்யைப் பிறர் காணச் செய்வதே மெய்ப்பித்தல். மெய் முந்தியது, சான்று பிந்தியது. சான்று தொலைந்தமையால் மெய்யும் தொலைந்துவிடாது.

அச்சான்றையும் முன்னோர் மூன்றாகக் கண்டனர். பெரியபுராணத்தில், சுந்தரரை அடிமை என்று வழக்காட வந்த முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் கேட்டவை ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் எழுத்து, துய்ப்பு, சாட்சி என மூன்றே கூறும். அங்கே நெடுநாள் துய்ப்பைக் குறிக்கும் வடசொல் 'புக்தி'. அதுவே கடல் கடந்து, இன்று மலாய் மொழியில் சான்று என்னும் பொருளில் வழங்குகிறது. நாட்டின் தேசியமொழிச் சொல்லே வாழ்ந்து துய்த்ததன் நினைவைச் சுமந்து நிற்கிறது!

கேமரன் மலையின் கியா பார்ம் சந்தையிலிருந்து சுங்கை பாலாஸ் பக்கம் திரும்பினால் சரிவெங்கும் தேயிலை. 1929இல் போ தோட்டம் தொடங்கிய இம்மலையில் தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளியோருள் தமிழர் பலர். அந்நிரைகளினும் தெளிந்த ஆட்சிச் சான்று வேறு எது?

சட்டத்தையும் பார்ப்போம். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாவில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது அரசமைப்பின் பொதுவிதி. அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியது பிறந்த இடம் ஒன்றே. ஆயினும் லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதிவேட்டில் ஏறாத குழந்தை எதைக் காட்டும்? 1982இல் நடப்புக்கு வந்த திருமணச் சட்டத்தின்பின், கோயிலில் தாலி கட்டியும் பதியாதோரின் பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை சேர்வதில்லை. தாயின் நிலையே பிள்ளைக்கும். தாயிடமும் பத்திரம் இல்லையெனில் அவ்வின்மையே பிள்ளைக்குச் சொத்தாகிறது. 2011இல் அரசே 'மைடாப்தார்' என்னும் பதிவு இயக்கத்தை நடத்தியது. குறை உண்டு என்பதற்கு அதனினும் வேறு ஒப்புதல் வேண்டுமோ?

"ஆவணத்தைத் தளர்த்தினால் பொய்யர் புகுவர்" என்பர் சிலர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். முதல் ஓலை கிழிக்கப்பட்டது. மூல ஓலை வந்தபோதும் அவையோர் அதை அப்படியே ஏற்கவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு எழுத்தை ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புரைத்தனர். ஆவணத்துக்கே வேறு சான்று வேண்டியிருந்தது. பொய் ஓலையிலும் புகும், வாயிலும் புகும். அதைப் பிடிக்க வழி, மூன்றையும் ஒன்றோடொன்று வைத்து எடையிடுவதே.

தோட்டச் சம்பளப் பேரேடு, பள்ளிப் பதிவேடு, அயல்வீட்டு முதியோர் வாக்கு ஆகியவை யாவும் எடைக்கு வரவேண்டும். பேரேடுகள் தொழிலாளர் கையில் இல்லை. நிருவாகங்களிடமும் அலுவலகங்களிடமும் உள்ளன. எவர் கையில் ஏடு உள்ளதோ, அதைத் திறந்து தேடும் கடனும் அவருடையதே. ஏழையிடம் மட்டும் "மெய்ப்பி" என்று கூறி வாளாவிருத்தல் நீதியாகாது. அவ்வினையின் முழுப்பொருளை மீட்டுத் தருவது தமிழ் எழுதுவோரின் கடன். அப்பொருளின்படி நடப்பது ஆள்வோரின் கடன்.