பெராரி அபிமானிகளின் நம்பிக்கை

பார்முலா ஒன் மோட்டார்ப் பந்தயப் பருவம் துவங்கும்போதெல்லாம், இத்தாலி தேசத்துப் பெராரி கோஷ்டியின் அபிமானிகள் இவ்வருஷம் நமதே என்று பூரிப்பது வழக்கம். 2007-ல் கிமி ரைக்கோனன் ஜயித்த பின்னர் 2025 முடிய ஓட்டுநர் பட்டம் அவர்களுக்குக் கிட்டவில்லை. இதைக் கண்டு நகைப்போர் உண்டு. நாம் நகைக்க மாட்டோம்.

2025-ம் வருஷத்தையே பார்ப்போம். முந்திய வருஷம் கோஷ்டிகளுக்குரிய பட்டத்தை 14 புள்ளிகளில்தான் மக்லாரனிடம் பெராரி இழந்திருந்தது. ஏழு முறை பட்டம் பெற்ற ஹாமில்டனும் வந்து சேர்ந்தார். மிலான் நகரில் அவரைக் காண ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டனர். எதிர்பார்த்ததில் பிழை என்ன? மெல்பர்னில் நடந்த முதற் பந்தயத்தில் அவருக்குப் பத்தாவது ஸ்தானமே கிட்டியது. ஷாங்காயில் குறும்பந்தயத்தை வென்றார். மறுநாள் பெரும்பந்தயத்திலோ, வண்டியின் அடிப்பலகை அளவுக்கு மீறித் தேய்ந்ததென்று விலக்கப்பட்டார். சகா லெக்லேரின் வண்டி எடை குறைந்ததென்று விலக்கப்பட்டது. அவ்வருஷம் பெரும்பந்தயம் ஒன்றிலேனும் பெராரி முதலாவதாக வரவில்லை.

குற்றம் அபிமானிகளுடையதன்று. பருவத்துக்கு முந்திய சோதனை ஓட்டங்களில் எவ்வளவு எரிபொருள் நிரப்பி ஓட்டினோம் என்பதை எக்கோஷ்டியும் வெளியிடுவதில்லை; ஆகவே அந்த வேகத்தைக் கொண்டு வெளியார் உண்மையை அறிதல் இயலாது. அறிந்தவர்கள் நிர்வாகிகளே. டிக்கெட்டுக்கும் தொப்பிக்கும் பணம் தரும் ஜனங்களைக் கூட்டி விழா எடுப்பவர்கள், வண்டியின் நிலைமையையும் அவ்விழாவிலேயே சொல்லிவிடல் வேண்டும்.