அட்வான்ஸ் போடும் முன் ஸ்டாண்டுக்கு வா, தோழா!

தோழர்களே,

ஆக்டிங் டிரைவராகவே பாதி ஆயுளை ஓட்டிவிட்டு, இனியாவது சொந்த வண்டி என்று வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் புரட்டுகிற தோழர்களைக் குறிவைத்து ஒரு கூட்டம் வேலை செய்கிறது. ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் போகிற டிசையர், படத்தில் பளபளவென்று நிற்கிறது. விலை இரண்டே கால் லட்சம். "அவசர விற்பனை, சிங்கிள் ஓனர்." நைட் ட்ரிப் முடித்து, சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி செல்போனில் அதைப் பார்க்கும் தோழருக்குத் தூக்கம் போய்விடுகிறது. விடிவதற்குள் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பதற்றம். அந்தப் பதற்றம்தான் திருடனின் முதலீடு.

அதனால்தான் இந்த அழைப்பு. இன்று முதல் நம் ஸ்டாண்டில் எந்தத் தோழரும் தனியாகப் போய் வண்டி வாங்கக் கூடாது. வண்டி, ஒரிஜினல் ஆர்.சி., ஆர்.சி.யில் பெயருள்ள ஆள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் நம் கண்முன் வந்து நிற்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கை மாறக் கூடாது. டோக்கன் அட்வான்ஸ் ஐந்நூறு ரூபாய்தானே என்றாலும் கூடாது.

சீருடைக்காரர் வேடம் போடுகிறவனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். "சென்னை ஏர்போர்ட்டில் சி.ஐ.எஸ்.எஃப். டியூட்டி. திடீரென்று காஷ்மீருக்கு மாற்றல். வண்டி ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிற்கிறது" என்பான். சீருடைப் படம், அடையாள அட்டை, ஆதார் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். தேசத்துக்காக உழைக்கிறவர் பொய் சொல்வாரா என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்த அட்டை யாரோ ஒரு நிஜ வீரருடையதாக இருக்கலாம். இதே ஆளிடம் இதற்கு முன் ஏமாந்தவர் நம்பி அனுப்பியதாகவும் இருக்கலாம். பிறகு கேட் பாஸுக்கு ஒரு தொகை, வண்டியை ஏற்றி அனுப்ப ஒரு தொகை, டெலிவரியின்போது திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி ஜி.எஸ்.டி.க்கு ஒரு தொகை. ஒவ்வொரு முறையும், இதுவரை போட்டது வீணாகிவிடுமே என்று அடுத்ததையும் போடுகிறோம். கடைசியில் ஒரு க்யூ.ஆர். கோடு வரும். "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள், பணம் உங்களுக்கே திரும்பிவிடும்" என்பான். தோழர்களே, யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும்.

இதையெல்லாம் நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உஷாரான தோழரையும் கவிழ்க்கிற வேலை வேறொன்று இருக்கிறது. அதில் வண்டி நிஜம், ஆர்.சி. நிஜம், ஓனரும் நிஜம்.

தாம்பரத்தில் ஒருவர் தன் வண்டியை நான்கரை லட்சத்துக்கு விற்க விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை ஒருவன் போனில் அழைக்கிறான். "சார், வண்டியை நானே எடுத்துக்கொள்கிறேன். பேரமே வேண்டாம். என் மைத்துனர் வந்து பார்ப்பார். அவருக்கு நான் கொஞ்சம் பணம் பாக்கி, அதற்குப் பதிலாகத்தான் இந்த வண்டி. அவரிடம் விலையை மட்டும் பேசிவிடாதீர்கள்." அடுத்து, அதே படங்களை எடுத்து அதே வண்டியை மூன்று லட்சம் என்று அவனே விளம்பரம் போடுகிறான். நீங்கள் கூப்பிடுகிறீர்கள். "வண்டி தாம்பரத்தில் என் பெரியப்பா வீட்டில் நிற்கிறது. தாராளமாகப் போய்ப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள். பெரியப்பாவிடம் விலை பேச வேண்டாம், குடும்பத்தில் ஒரு சின்ன மனஸ்தாபம்."

நீங்கள் மெக்கானிக்கோடு போகிறீர்கள். ஓனர் காபி கொடுத்து உபசரிக்கிறார். எஞ்சின் அருமை என்கிறார் மெக்கானிக். விலையைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, நீங்களும் திறக்கவில்லை. இருவருக்கும் அவன் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான். வாசலில் நின்றபடியே அவன் சொன்ன அக்கவுண்டுக்குப் பணத்தைப் போட்டுவிட்டுச் சாவி கேட்கிறீர்கள். "எனக்கு ஒன்றும் வரவில்லையே தம்பி?" என்கிறார் ஓனர். அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். ஏமாந்த இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறார்கள்.

இத்தனையையும் உடைக்க ஒரு கேள்வி போதும். "அண்ணே, நீங்கள் என்ன விலை சொல்கிறீர்கள்? பணம் உங்கள் பேரில் உள்ள அக்கவுண்டுக்குத்தானே?" யார் எவ்வளவு தடுத்தாலும் எதிரில் நிற்கும் ஓனரிடம் வாய்விட்டு இதைக் கேளுங்கள். விலை பேசாதே என்று எவன் சொன்னாலும், அந்த நிமிடமே அவன் திருடன் என்று முடிவு கட்டுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் பெயருக்கும் வங்கிக் கணக்கின் பெயருக்கும் ஓர் எழுத்து மாறினாலும் பணம் போடாதீர்கள். தம்பி அக்கவுண்ட், நண்பர் அக்கவுண்ட் என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்து காகிதம். வண்டி எண்ணை எம்-பரிவாகனில் போட்டால் இன்ஷூரன்ஸ், எஃப்.சி., வரி எதுவரை, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஓனர் பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும், ஒரிஜினல் ஆர்.சி.யோடு ஒப்பிட அதுவே போதும். இ-சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். ஃபைனான்ஸ் இருந்தால், "கட்டி முடிச்சாச்சு" என்ற வாய்வார்த்தை செல்லாது. ஃபைனான்ஸ் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35ஆம் படிவமும் என்.ஓ.சி.யும் வேண்டும். இல்லையென்றால் நாம் ட்யூ கட்டாமலேயே நம் வண்டி சீஸ் ஆகும். வேறு மாநில வண்டியென்றால் 28ஆம் படிவ என்.ஓ.சி. இல்லாமல் தொடவே தொடாதீர்கள். திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் சரிபார்க்க வழி இருக்கிறது. மஞ்சள் போர்டு வண்டிக்கு இன்னொன்று: எட்டு வருஷம் தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் எஃப்.சி. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

சேசிஸ் நம்பரை மட்டும் கண்ணால் பார்த்து விட்டுவிடாதீர்கள். வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். பெயர் மாற்றத்துக்கு எப்படியும் அந்த அச்சு தேவைப்படும். அதை வாங்குவதற்கு முன்பே எடுத்தால் என்ன? ராவி மறுபடி குத்திய எண் என்றால் இடைவெளி கோணலாக விழும், சுற்றியுள்ள தகடு பள்ளமாகத் தாளில் தெரியும். வாடகைக்கு எடுத்த வண்டியைப் போலி ஆர்.சி.யோடு விற்கிறவர்கள் இருக்கும் ஊரில் இந்தத் துண்டுத் தாள் நம் குடும்பத்தைக் காக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று நமக்குத் தெரியாதா? வண்டியைக் கழுவிப் பாலிஷ் போட்டவன் பெல்ட்டின் அடிப்பகுதியில் ஒட்டிய சேற்றைக் கழுவியிருக்க மாட்டான். மீட்டர் நாற்பதாயிரம் காட்டும்போது கிளட்ச் பெடல் ரப்பர் மழுங்கியிருந்தால் காரணம் கேளுங்கள்.

கன்சல்டிங்கில் வாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்பது விதி. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. பணம் கொடுத்ததும் 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி முப்பது நாளைக்குள் பெயர் மாற்றுங்கள். நம் பழைய வண்டியை விற்கும்போதும் அதே கவனம் வேண்டும். ஆர்.சி.யில் நம் பெயர் இருக்கும்வரை விபத்து இழப்பீட்டுக்கு நாமே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஏற்கெனவே ஏமாந்துவிட்ட தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு மூலையில் உட்காராதீர்கள். வீட்டில் சொல்லப் பயந்து இரண்டு நாள் கடத்துவதுதான் திருடனுக்கு வேண்டியது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் கஷ்டம். பரிமாற்ற எண், ஸ்க்ரீன்ஷாட், பேசிய எண் எதையும் அழிக்காதீர்கள். "இது எங்கள் எல்லை இல்லை" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவைச் சொல்லுங்கள். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகாதீர்கள், நாங்கள் பத்துப் பேர் கூட வருகிறோம்.

விளம்பரம் போடவிட்டுக் காசு பார்க்கும் நிறுவனங்களையும் விடப்போவதில்லை. ஆர்.சி.யையும் விற்பவரையும் சரிபார்க்காமல் வண்டி விளம்பரம் ஏற்றக் கூடாது என்று நாம் ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டும். ஒரே படம் இரண்டு பெயரில், இரண்டு விலையில் வருவதைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு முடியாத காரியம் இல்லை.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் ஸ்டாண்டுக்கு வாருங்கள். வண்டி பார்க்கத் தெரிந்த இருவர், காகிதம் பார்க்கத் தெரிந்த ஒருவர், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட வர இருவர் என்று ஒரு குழு அமைப்போம். யார் வண்டி வாங்கினாலும் இந்தக் குழு கூடப் போகும். டீ செலவு சங்கத்துடையது. அதற்குள் எந்தத் தோழராவது இன்று ராத்திரியே அட்வான்ஸ் அனுப்பத் தயாராக இருந்தால், ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம். அந்த விளம்பரத்தை ஸ்டாண்டு குரூப்பில் போட்டுவிட்டு யாரையாவது எழுப்புங்கள். நள்ளிரவானாலும் எடுப்போம்.