நவம்பர் முதல் தேதி யாருக்கு?

நவம்பர் 1ஐக் கொண்டாடுவதா, ஜூலை 18ஐக் கொண்டாடுவதா என்று நம் சங்கத்தில் இரண்டு கட்சி. 2019இல் தமிழக அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாள் என்றது. 2021இல் வந்த அரசு, பெயர் மாற்றத் தீர்மானத்தை அண்ணா சட்டசபையில் நிறைவேற்றிய 1967 ஜூலை 18தான் அந்த நாள் என்றது. நம்மைக் கேட்டால் இரண்டு நாளும் மாலை போடலாம், பூச்செலவு நம்முடையதுதானே. ஆனால் நவம்பர் முதல் தேதி என்ன நடந்தது என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் கமிஷன் 1955இல் கொடுத்த அறிக்கையை வைத்துப் போட்ட சட்டம் 1956 நவம்பர் 1இல் அமலுக்கு வந்தது. ஆந்திரம் 1953இலேயே பிரிந்துவிட்டது. இப்போது மலபார் கேரளத்துக்கும், கொள்ளேகால் மைசூருக்கும் போயின. நமக்கு வந்தவை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள். செங்கோட்டையில் ஒரு பகுதி.

இவையும் தானமாக வரவில்லை. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வருஷக்கணக்கில் போராடியது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. சுட்ட போலீசை வைத்திருந்தது பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை! அக்கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த லோகியாவே தன் கட்சி மந்திரிசபை ராஜினாமாச் செய்ய வேண்டும் என்றார். அப்படிச் சொல்ல இன்று எந்தக் கட்சியில் ஆள் இருக்கிறது? வடக்கே ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வந்தது. திருப்பதி வரவில்லை.

வராததில் நம் மனத்தை அறுப்பது தேவிகுளமும் பீர்மேடும்தான். தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மை என்பது சென்சஸ் கணக்கிலேயே இருந்தது. கணக்கை மறுக்க முடியாதபோது கணக்கில் இருந்த மனிதர்களை மறுத்தார்கள். இவர்கள் தோட்டத்துக் கூலிகள், வந்து போகிறவர்கள், இவர்கள் தலையை எண்ணி எல்லை போடலாகாது என்பது எதிர்த்தரப்பு வாதம். தேயிலையும் ஏலமும் பள்ளிவாசல் மின்சாரமும் அங்கே இருந்ததை நாமும் மறந்துவிட வேண்டாம். மதுரைச் சீமைக்குத் தண்ணீர் கொடுக்க 1886 குத்தகைப்படி சென்னை சர்க்கார் கட்டிய பெரியாறு அணையும் அந்தப் பக்கமே நின்றது.

வந்து போகிறவர்கள் போனார்களா? 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் யார்? பெரும்பாலும் தமிழச்சிகள். பெரிய தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நில்லுங்கள் என்றார்கள் அந்தத் தாய்மார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டக் குடியிருப்பு வரிசைகளின் மேல் விழுந்தது. 70 உயிர் போயிற்று. அவர்களும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களே. கமிஷன் அறிக்கை வந்து 65 வருஷம் ஆகியும், தலைமுறைகளாய் அங்கேயே வாழ்ந்தும், காலடியில் சொந்த மண் இல்லாமலே அந்த மண்ணுக்குள் போனார்கள்.

'வந்து போகிறவர்கள்' என்ற சொல் கல்கத்தாத் தமிழனுக்குப் புதிதல்ல. முப்பது வருஷம் இங்கே ரேஷன் கார்டு வைத்திருப்பவனையும் "தேஷ் எங்கே?" என்று கேட்கிறார்கள். கேட்பவரையும் குறை சொல்ல மாட்டோம். இந்த டாலிகஞ்சைச் சுற்றியுள்ள விஜய்கட், நேதாஜி நகர், ஆசாத்கட் காலனிகள் எல்லாம் 1947இல் கிழித்த கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பியவை. இன்னொன்றும் உண்டு. பீகாரிலிருந்த புருலியா வங்காளத்தோடு சேர்ந்ததும் அதே 1956 நவம்பர் 1இல்தான். தாய்மொழிக்காக மான்பூம் மக்கள் அந்த வருஷம் கல்கத்தா வரை நடந்தே வந்தார்கள். புருலியா கிடைத்தது, நிலக்கரியுள்ள தன்பாத் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தாதாவிடம் தேவிகுளத்தைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்.

ஆகவே கோட்டை மறுபடி அழித்துப் போடு என்று கேட்கிறோமா? இல்லை. ரயில்வேக்காரர்களாகிய நமக்குத் தெரியும்: நாகர்கோவில் ஸ்டேஷன் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது, ஆந்திரத்துச் சூளூர்ப்பேட்டை சென்னைக் கோட்டத்தில் இருக்கிறது, வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கே போட்டாலும் கோட்டுக்கு வெளியே ஒரு கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு என்ன உரிமை என்பதே கேள்வி.

அதற்கும் அன்றைக்கே ஒரு விதி எழுதினார்கள், நம்மில் பலர் படித்ததில்லை. மாநிலங்களைப் பிரித்த அதே 1956இல் அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பப் பள்ளியில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. அதுவும் நவம்பர் 1இல்தான் அமலுக்கு வந்தது. ஜூலை 18 தமிழ்நாட்டுக்குள் இருப்பவர்களின் நாளாக இருக்கட்டும். நவம்பர் 1 மூணாறுக்காரனுக்கும், கோலார் தங்கவயல்காரனுக்கும், நமக்கும் உரிய நாள்.

இவ்வருஷம் அன்று மாலை கூட்டத்தில் பேச்சு குறைவாக இருக்கட்டும். ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை நம் வீடுகளில் எத்தனை குழந்தைகள், எந்தத் தெருவில், எந்தப் பள்ளியில் என்ற பட்டியலோடு 350ஏயைக் காட்டி மாநில அரசுக்கு ஒரு மனு தயாராகிறது. பட்டியலில் லேக் மார்க்கெட் பக்கம் முடிந்தது. டாலிகஞ்சில் பாதி வீடு இன்னும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலை வீடு வீடாக வருகிறோம், குழந்தைகளின் பெயரை எழுதிக் கொடுங்கள்.