கார்த்திகைக்குப் பின் மழையில்லையா?



"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் பழமொழிதான் அவருக்குக் காலண்டர். ஐப்பசியில் ஈரம் பார்த்து உளுந்து விதைப்பார். கார்த்திகை முடிந்தால் வானத்தை அண்ணாந்து பார்க்கமாட்டார். தை பிறந்ததும் அறுப்பு. கரிசல் காட்டு மானாவாரி விவசாயம் என்பது இவ்வளவுதான்.

குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது சங்கரன்கோவில் பக்கம் நமக்குக் கிடைப்பது காற்று மட்டும். ஆடித்தபசுக்கு வரும் கூட்டத்தின் கண்ணில் மண்ணை வாரிப் போடும் காற்று! ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால் நமக்கு வேறு கதி கிடையாது. அந்த மழை கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் 14 வயதில் பார்த்தேன்.

2020 நவம்பரில் பயிர் இன்சூரன்ஸ் கட்டச் சொல்லி ஊரில் மைக் வைத்துச் சொன்னார்கள். பயறு வகைகளுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். "கட்டுவோமாப்பா?" என்று கேட்டேன். "ஏல, இன்னும் ஒரு மாசந்தாம்ல மழை. அதுக்கப்புறம் வெயிலுல்லா! எதுக்குத் தெண்டத்துக்கு ரூவா?" என்றார் அப்பா.

2021 ஜனவரி. கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கரில் உளுந்து நெற்றாகி நின்றது. பாதிச் செடியைப் பிடுங்கி வயலிலேயே காயப் போட்டிருந்தோம். பொங்கல் வாரத்தில் பிடித்த மழை விடவேயில்லை. தாமிரபரணியில் வெள்ளம் என்றார்கள். எங்கள் வயலில் நெற்றுக்குள் இருந்த உளுந்து நெற்றுக்குள்ளேயே முளைத்துவிட்டது. அறுத்துக் காயப் போட்ட பயிர் 14 நாளுக்குள் பருவம் தவறிய மழையில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்து இழப்பீடு கேட்கப் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வழியுண்டு என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பிரீமியம் கட்டாதவன் யாரிடம் போய்க் கேட்பது?

அந்த வருஷம் என் அக்கா ப்ளஸ் டூ. பரீட்சை ரத்தாகி எல்லோரும் பாஸ். ஆனால் அக்கா கல்லூரிக்குப் போகவில்லை, ஸ்பின்னிங் மில்லுக்குப் போனாள். "எங்க வீட்ல மொதப் படிப்பாளி நான்தான்" என்று நான் சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு முள் குத்தும். அந்தப் பெயர் அவளுடையது, நண்பர்களே!

"காலம் கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் கெட்டது காலம் மட்டும்தானா, நம் கணக்கும் சேர்ந்தா?

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 2015-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 53 சதவீதம் அதிகம். சென்னை மூழ்கியது. 2016-ல் அதே மழை 62 சதவீதம் குறைவு. குடிக்கத் தண்ணீர் இல்லை. இரண்டையும் சேர்த்து இரண்டால் வகுத்துப் பாருங்கள். ஐந்து சதவீதம் கூடக் குறையவில்லை! பத்தொன்பது சதவீதம் வரை ஏறினாலும் இறங்கினாலும் வானிலைத் துறை அதை 'இயல்பு' என்கிறது. ஆக, ஒரு வருஷம் வெள்ளம், மறு வருஷம் வறட்சி, சராசரி மட்டும் இயல்பு! இந்தச் சராசரியை வைத்து என்ன செய்ய?

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி. கார்த்திகை முடிந்த மறுநாள். அன்று தொடங்கிக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்து மழையைவிட அதிகமாக ஒரே நாளில்! ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகம். உலகம் சூடேறச் சூடேற, கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது.

மழை மட்டுமா? பனியும் அப்படித்தான். போன மார்கழியில் லேப் தெர்மாமீட்டரை வாங்கிப் போய் வீட்டு வேப்பமரத்தடியில் தொங்கவிட்டேன். விடியலில் 20 டிகிரி, மதியம் 32. அடுத்த வாரம் மேகம் மூடிய ஒரு நாளில் 23, 28. மேகம் கம்பளி மாதிரி. அது இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் ஆகாயத்துக்கு விட்டுவிடுகிறது.

இந்தப் பன்னிரண்டு டிகிரிக்கும் ஐந்து டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் என் அம்மாவுக்குத் தெர்மாமீட்டர் இல்லாமலே தெரியும். அவள் விடியுமுன்னே டார்ச்சோடு மல்லிகை பறிக்கப் போகிறவள். பனி இறங்கினால் மொட்டு வராது. பூ மார்க்கெட்டில் விலை ஆயிரக்கணக்கில் ஏறும். பறிக்கிற கூலியோ கிலோக் கணக்கு! "பூவு தங்கம் வெல விக்கிய அன்னிக்குத்தாம்யா என் மடி காலியா இருக்கு" என்பாள்.

சிவில் படிக்கும் நாம் நீளமான கட்டடத்திலும் பாலத்திலும் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் விடுகிறோம். ஏன்? கான்கிரீட்டுக்குச் சராசரி வெப்பம் ஒரு பொருட்டே இல்லை. அதை வெடிக்கச் செய்வது ஏற்ற இறக்கம்தான். சிமெண்டுக்கு இடைவெளி விடத் தெரிந்த நாம், அப்பாவின் விவசாயத்துக்கும் அம்மாவின் கூலிக்கும் ஏன் ஓர் இடைவெளி விடவில்லை? அந்த வருஷம் ஒன்றரை சதவீதப் பிரீமியம்தான் எங்கள் வீட்டுக்கு இடைவெளி. நாங்கள் விடவில்லை. சுவர் வெடித்தது அக்காவின் பக்கம்.

ஆகவே என் கருத்து இதுதான். பழமொழியைத் தூக்கி எறிய வேண்டாம். அது எத்தனையோ தலைமுறையின் அனுபவம். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். சங்கரன்கோவிலில் அரசு மழைமானி இருக்கிறது. ஆனால் டவுனில் பெய்த மழை பத்துக் கிலோமீட்டர் தள்ளி என் ஊரில் பெய்வதில்லையே! நம் பாலிடெக்னிக்கில் எத்தனை கிராமத்துப் பிள்ளைகள் படிக்கிறோம்! ஆளுக்கொரு நேரான தகர டப்பாவும் ஸ்கேலும் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதுவோம். கல்லூரி வாசலில் ஒரு கரும்பலகை வைத்து ஊர்வாரியாக மழையும் வெப்பமும் எழுதுவோம். பக்கத்திலேயே வானிலை எச்சரிக்கையையும், இன்சூரன்ஸ் கட்டக் கடைசித் தேதியையும் எழுதுவோம். அதை வீட்டில் போய் வாசித்துக் காட்டுவோம். மாணவர் பேரவை இந்த ஒன்றைச் செய்தால் போதும்.

என் அப்பா இப்போது மார்கழியிலும் வானத்தைப் பார்க்கிறார். போன கார்த்திகையில் அவரே கேட்டார்: "ஏல, இன்சூரன்ஸுக்கு எந்தத் தேதி கடைசி?"

படித்தவன் வீட்டில் இருப்பதற்கு அடையாளம் சுவரில் மாட்டும் சர்டிபிகேட் இல்லை, நண்பர்களே. அந்தக் கேள்விக்குத் தேதியைச் சரியாகச் சொல்லத் தெரிவதுதான்!