அந்தத் தட்டில் இல்லாத குரல்



வேற்றுலகில் எவரேனும் இருந்தால் கேட்கட்டும் என்று, 1977இல் ஏவிய வொயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் தங்க முலாம் பூசிய ஒலித்தட்டொன்றை நாசா நிறுவனம் வைத்து அனுப்பியது. மழைச் சத்தம், முத்தச் சத்தம், 55 மொழிகளில் வாழ்த்துகள் எல்லாம் அதில் உண்டு. இந்தியப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாடலும் உண்டு. வொயேஜர் 1 புறப்பட்டது செப்டெம்பர் 5இல். அம்மையார் மறைந்தது செப்டெம்பர் 16இல். அவரது குரல் இன்று 2,400 கோடி கிலோமீற்றருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது.

மாதர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஓர் அம்மா கேட்டார்: "அதில எங்கட தமிழும் இருக்கோ, பிள்ளை?"

இல்லை. சிங்களம், ஹிந்தி, தெலுங்கு, கன்னடம் இருக்கின்றன; தமிழ் இல்லை. குறுகிய கால அவகாசத்தில், பெரும்பாலும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆள் தேடித்தான் வாழ்த்துகளைப் பதிவு செய்தார்கள். பேச ஆள் கிடைத்த மொழிகளே தட்டில் ஏறின.

இதைச் சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. கிராமத்தின் தேவைகளைப் பட்டியலிட நான் கூட்டம் வைப்பது கிழமை நாட்களில், காலை 10 மணிக்கு. வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அந்நேரம் வரமுடியாது. குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள் பலர் அவர்களில்தான் இருக்கிறார்கள். என் பட்டியலில் அவர்களின் தேவை ஒன்றுகூட இல்லை.

விண்ணுக்குப் போன தட்டை இனித் திருத்த முடியாது. பட்டியலைத் திருத்தலாம். எங்கள் அடுத்த கூட்டம் ஞாயிறு மாலையில். உங்கள் ஊர்ச் சங்கத்திலும் வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.