பிரம்பும் வேண்டாம், டி.சி.யும் வேண்டாம்

2022 ஏப்ரலில் வேலூர் தொரப்பாடியில் பிளஸ் 2 மாணவர்கள் வகுப்பறை மேசைகளை உடைத்தார்கள். அதே மாதம் திருப்பத்தூர் மாவட்டம் மாதனூரில், ரெக்கார்டு நோட்டு கேட்ட ஆசிரியரை அடிக்கப் பாய்ந்தார் ஒரு மாணவர். இரண்டும் கைப்பேசிகளில் சுற்றின. மே மாதம் சட்டப்பேரவையில் அன்றைய பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி, ஆசிரியர்களிடம் அத்துமீறும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணம் மாற்றுச் சான்றிதழிலேயே எழுதப்படும் என்றார். அந்த அறிவிப்பு தவறு. அது கைவிடப்பட வேண்டும்.

நம் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் அதன் விளைவு என்னவாக இருக்கும்? இங்கே படிப்பவர்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள். பலருடைய அம்மா மல்லாட்டை பிடுங்கப் போயிருப்பார், அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்; வீட்டில் ஆயா மட்டும். 'நடத்தை சரியில்லை' என்று எழுதிய டி.சி.யோடு வரும் பையனை எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? அடுத்த வாரமே அவனும் சென்ட்ரிங் வேலைக்கு பெங்களூர் பஸ் ஏறிவிடுவான். 8ஆம் வகுப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 9ஆம் வகுப்புக்குப் போனதும் அந்தப் பிள்ளை நம் பொறுப்பு இல்லையா?

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோர் பிள்ளையை ஒப்படைத்த காலத்துக்கே திரும்பலாம் என்பவர்களும் உண்டு. 2009ஆம் ஆண்டின் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் இதை ஏற்க மாட்டோம். பதினைந்து வயதுப் பையனை நாற்பது பேர் முன்னால் அடித்தால் அவன் திருந்துவதில்லை, கறுவிக்கொள்கிறான்.

ஆனால் ஆசிரியர்களின் மனக்குறை நியாயமானது. கையிலிருந்த பிரம்பை வாங்கிக்கொண்ட அரசு, பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை. பையனை அதட்டினால் புகார், விட்டுவிட்டால் வகுப்பு போச்சு. அதனால் பலர் பாடத்தை மட்டும் ஒப்பித்துவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்க்காமலே வெளியேறுகிறார்கள். அடியைவிடக் கொடியது இந்தக் கைவிடல்.

ஒழுங்கான வகுப்பு எப்படி உருவாகிறது என்பது ஒன்றும் ரகசியமில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் ஏராளமான வகுப்பறைகளைக் கவனித்து 1970இல் ஒரு நூல் எழுதினார். தவறு நடந்த பிறகு கண்டிக்கும் விதத்தில் நல்ல ஆசிரியர்களுக்கும் தடுமாறும் ஆசிரியர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, தவறு நடக்க இடம் கொடுக்காததில்தான் வேறுபாடு என்று கண்டார். மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பைப் பாருங்கள். ஆசிரியர் கைப்பேசியில் ஏதோ விவரம் பதிவேற்றிக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடத்தில்தான் சாக்பீஸ் பறக்கத் தொடங்குகிறது. மணி அடித்ததும் பாடம் தொடங்கி, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, பாடத்தை நிறுத்தாமலே குறும்பு செய்யும் பையனின் நோட்டில் விரலை வைத்துவிட்டு நகர்கிற ஆசிரியருக்குக் கத்த வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. சொல்ல வேண்டியதை வகுப்பு முடிந்த பின் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். பேர் சொல்லிக் கூப்பிடுவார். இது பிறவித் திறமை அல்ல, பயிற்சியில் வருவது. பாடத்திட்டத்துக்கும் தேர்ச்சி விகிதத்துக்கும் கூட்டம் மேல் கூட்டம் போடும் கல்வித் துறை இதற்கு ஆண்டில் நான்கு நாள் ஒதுக்கட்டும். பதிவேற்றும் வேலையை வகுப்பு நேரத்திலிருந்து முழுதாக நீக்கட்டும்.

எல்லாமே ஆசிரியரால் ஆகாது என்பதும் உண்மை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை அவருடைய பள்ளி மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த வெறியை ஒரு பீரியடில் திருத்திவிட முடியாது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பிள்ளை ஏன் பத்து நாளாகத் தூங்கி வழிகிறான், ஏன் திடீரென்று முரடனானான் என்று வீடு தேடிப்போய் விசாரிக்க ஓர் ஆள். இந்தப் பதவியை உடனே உருவாக்க வேண்டும். 500 பேர் இல்லாத கிராமப்புறப் பள்ளிகளுக்கும், இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஒருவர் என்றாவது கொடுக்க வேண்டும். ஆசிரியரைத் தாக்குவது, ஆயுதம் கொண்டுவருவது போன்றவற்றுக்கு நடவடிக்கை அவசியம்தான். அதுவும் நல அலுவலரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் விசாரித்த பிறகு, படிப்பு அறுந்துபோகாத வகையில் இருக்கட்டும்.

அந்த மேலாண்மைக் குழு வழியாக நம் ஊரே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. ஜூன் முதல் வாரத்தில் பெற்றோர், ஆசிரியர், மாணவர் மூவரும் உட்கார்ந்து வகுப்பு விதிகளைப் பேசி முடிவு செய்யட்டும். கூட்டத்தைப் பிற்பகலில் வைக்காமல் மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வா என்று எந்தத் தாயையும் நாம் கேட்க முடியாது.